திங்கட்கிழமை நோட்டு

நான் இடித்த கட்டடம் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ‘இடித்த’ என்பதெல்லாம் ரொம்ப அதிகம் என்பாள் என் மனைவி. இடித்தது மெஷின், உத்தரவு போட்டது மேலிடம், நடுவில் நீங்கள் ஒரு வாய், அவ்வளவுதானே என்று கேட்பாள். அந்த வாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை என்றால் பாதி நேரம் ஒழுகும் தண்ணீர்த் தொட்டிக்கும் மீதி நேரம் ஒழுகாத தொட்டியை ஒழுகுகிறது என்று சொல்லும் அதிகாரிகளுக்கும் நடுவே ஓடுவது. முப்பது வருஷம் ஓடினேன். என் பொறுப்பில் கடைசியாக இருந்தது தேனாம்பேட்டையிலிருந்து நந்தனம் போகிற வழியில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு அலுவலகக் கட்டடம்.

நான்கு தளம். பூச்சும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. வெறும் கான்கிரீட். ஊற்றியபோது அடித்த சென்ட்ரிங் பலகையின் மர வரிகள் சுவரில் அப்படியே பதிந்திருக்கும். அதைக் கட்டிய காலத்தில் அதுதான் நாகரிகமாம். நான் அங்கே போனபோது மழைநீர் வழிந்த கறுப்புத் தாரைகளும், புறா எச்சமும், ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கும் ஏசி பெட்டிகளுமாக, குளிக்காதவன் மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஆட்டோக்காரர்களுக்கு அது சாம்பல் பில்டிங். எனக்கும் பிடிக்காது. மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத கட்டடத்துக்கு நியாயம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தக் கதையில் ஒரு பங்கு.

அதில் ஒரே ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். மாடிப்படிக்குப் பக்கத்தில் அகலமான ஒரு சாய்தளம். கீழிருந்து நாலாவது தளம் வரைக்கும், ஒவ்வொரு தளத்திலும் மெதுவாக வளைந்து ஏறும். அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர் எதை நினைத்து அதைப் போட்டாரோ தெரியாது. ஃபைல் வண்டி தள்ளுவதற்காக இருக்கலாம். ஆனால் நான் பார்த்த காலத்தில் அது ஒருவருக்காகவே இருந்தது.

அவர் மூன்றாம் தளத்தில் பழைய பதிவேடுகளைக் காக்கும் எழுத்தர். ஐஸ் ஹவுஸ் பக்கம் வீடு. வீட்டில் உருது, வெளியில் அசல் மெட்ராஸ் தமிழ். முஸ்லிம் என்பதால் அலுவலகத்தில் பெரிய அதிகாரி முதல் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் பாய்தான். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவர். காலுக்குக் காலிபர் என்கிற இரும்புச் சட்டம் போட்டு, அக்குள் கட்டை ஊன்றி நாலெட்டு நடப்பார். படி ஏறுவதென்றால் யாராவது தாங்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்காது. பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தார். காலை ஒன்பதே முக்காலுக்கு அந்த வண்டி கேட்டுக்குள் நுழைந்து, நிற்காமல், சாய்தளத்தில் ஏறி, மூன்றாம் தளத்தில் ரெக்கார்டு அறை வாசலில் போய்த்தான் நிற்கும். யாரோ ஒரு அதிகாரி ஒருமுறை இதற்கு மெமோ கொடுத்தாராம். ‘அப்ப என்னைத் தூக்க ரெண்டு ஆளப் போடுங்க சார், அதுக்கும் ஆர்டர் போடுங்க’ என்று பாய் எழுதிக் கொடுத்தாராம். அத்தோடு மெமோ அடங்கிவிட்டது.

‘இந்த ஆபீஸ்ல சீட் வரைக்கும் வண்டில வர்றது நான் ஒர்த்தன்தான் சார். கலெக்டருக்குக் கூடக் கெடைக்காது’ என்று என்னிடம் பெருமை அடித்துக்கொள்வார். அதைச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார். அந்தப் பெருமையைப் பறித்தவன் நான்.

கட்டடத்தை இடிக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு நான் போவதற்கு முன்பே கிளம்பியிருந்தது. நகரத்தின் நடுவில் அவ்வளவு இடம், அதில் நாலே தளம் என்பது பலருடைய கண்ணை உறுத்தியது. இடித்துவிட்டு உயரமாகக் கட்டினால் சிதறிக் கிடக்கும் பத்து அலுவலகங்களை ஒரே இடத்தில் கொண்டுவரலாம் என்றது ஒரு பக்கம். நன்றாக இருக்கிற கட்டடத்தை ஏன் இடிக்க வேண்டும், பழுது பார்த்தால் போதும் என்றது இன்னொரு பக்கம். டீக்கடையிலும் இதே பேச்சு, எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போதும் இதே பேச்சு. கடைசியில் இரு தரப்பும் ஒரே கேள்விக்கு வந்து நின்றன. கட்டடம் பத்திரமானதா? அதைச் சொல்ல வேண்டியது எங்கள் அலுவலகம். எங்கள் அலுவலகம் என்றால் நான்.

பார்த்தேன். கழிப்பறைகளுக்கு மேலே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி கசிந்தது. எல்லாம் பழுது பார்க்கக்கூடியவை. கவலைப்பட வேண்டியது ஒன்றுதான். மூன்றாம் தளத்தில், ரெக்கார்டு அறைக்குள், சாய்தளத்தை ஒட்டிய சுவரில் குறுக்காக ஓடிய ஒரு விரிசல். என் சுண்டு விரல் நகம் நுழைகிற அகலம். விரிசலில் இரண்டு ஜாதி. ஒன்று எப்போதோ வந்து நின்றுபோனது. இன்னொன்று இன்னும் அசைந்துகொண்டிருப்பது, ‘லைவ்’ என்போம். முதலாவது வெறும் தழும்பு. இரண்டாவது என்றால் அடியில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

எது என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டிவிடுவோம். பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடுவோம். விரிசல் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். நான் மூன்று ஒட்டினேன். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. விரிசல் பாயின் மேசைக்கு நேர் எதிரே.

‘இன்னா சார், கண்ணாடி ஒட்டினா சுவத்துக்கு ஜுரம் கீதா இல்லியான்னு தெரிஞ்சிடுமா?’ என்று கேட்டார்.

‘தெரிஞ்சிடும் பாய். ஆனா தினம் நான் வந்து பார்க்க முடியாது. நீங்க இங்கேயேதான உட்கார்ந்திருக்கீங்க, வாரா வாரம் பார்த்து எழுதி வைங்களேன்.’

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகக் கட்டையை ஊன்றிச் சுவர் வரை போய், கீழ்க் கண்ணாடி, நடுக் கண்ணாடி, மேல் கண்ணாடி என்று டார்ச் அடித்துப் பார்த்து, தேதி போட்டு எழுதுவார். ‘மூணும் நல்லா கீது’ என்றுதான் முதல் வாரம் எழுதியிருந்தார். அப்புறம் அலுவலக மரியாதை நினைவு வந்து அதை அடித்துவிட்டு ‘மூன்றும் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினார். மழைக்காலம் முழுக்க, வாரம் தவறாமல், அதே வரி. ஒரு வாரம் காய்ச்சலில் விடுப்பில் இருந்தவர் மதியம் தம்பி மகனோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெரிய மழை பெய்து தெருவெல்லாம் தண்ணீர் நின்ற வாரத்திலும் அதே வரிதான். சுவர் அசையவில்லை.

இதைத்தான் நான் அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். எழுதவும் தயாராக இருந்தேன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

அன்று தி.நகரில் மனைவியோடு ஜவுளிக் கடையில் இருந்தேன். மச்சினி மகளுக்குக் கல்யாணம். நாற்பதாவது புடவையை விரித்துக்கொண்டிருந்தபோது கட்டடத்தின் காவலாளி போன் செய்தார். ‘சார், மூணாம் மாடில நீங்க ஒட்டின கண்ணாடி ஒண்ணு உடைஞ்சி கீது.’ வேறு ஒன்றும் கேட்கவில்லை நான். எப்படி, எப்போது, எது, மற்ற இரண்டும் எப்படி இருக்கிறது, எதையும் கேட்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே என் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். ‘சார், கண்ணாடி உடைஞ்சிடுச்சு. கிராக் லைவ்’ என்றேன். ‘நினைச்சேன்யா’ என்றார் அவர். அரை மணி நேரத்தில் அது அவருக்கு மேலே போய், அதற்கும் மேலே போய்விட்டது. ஒரு பெரிய செய்தியை முதலில் சொன்னவன் என்ற சந்தோஷம் எனக்கு இருந்தது. அதை மறைக்கவில்லை. அன்றைக்கு ஒரு புடவைக்கு இரண்டு புடவையாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பார்க்காமல் வாய் திறக்காதே என்று என் கீழே வேலை செய்த எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

திங்கட்கிழமை காலையில் போனேன். பாய் எனக்கு முன்னால் வந்திருந்தார். நடுக் கண்ணாடிதான் உடைந்திருந்தது. அதை ஒட்டி ஒரு இரும்பு பீரோ. சனிக்கிழமை பக்கத்து அறைக்காரர்கள் தங்கள் பழைய பீரோவைக் கொண்டுவந்து இங்கே தள்ளியிருக்கிறார்கள். பீரோவின் மூலையில் வெள்ளையாகப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. மேல் கண்ணாடியும் கீழ்க் கண்ணாடியும் நான் ஒட்டிய அன்று இருந்த மாதிரியே இருந்தன.

‘இது உடையல சார், இடிச்சது’ என்றார் பாய். ‘எருமை மாதிரி இட்டாந்து மோதிட்டானுங்க. வேற ஒண்ணு ஒட்டிடுங்க. நோட்ல நான் கரெக்டா எழுதிட்டேன்.’

‘ஒட்டிடலாம் பாய்’ என்றேன். ஒட்டவில்லை.

அன்றே போன் செய்து, ‘சார், தப்பாச் சொல்லிட்டேன், பீரோ மோதியிருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். பத்து வினாடி வேலை. திட்டு வாங்கியிருப்பேன், சிரிப்பார்கள், ஒரு வாரம் என்னை ‘பீரோ’ என்று கூப்பிடுவார்கள். அது எனக்குத் தாங்காது என்று நினைத்தேன். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. இத்தனை வருஷமாகச் சேர்த்த பேரை ஒரு பீரோவிடம் கொடுக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் ஆனது. அதற்குள் ‘அசையும் விரிசல்’ என்ற சொல் கடிதங்களில் ஏறிவிட்டது. அப்புறம் சொல்வதற்கு வாய் இல்லாமல் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் பாதி மறைத்த பிறகு நிறுத்த முடியுமா?

அறிக்கை எழுதினேன். அதில் பொய் ஒரு வரி கூட இல்லை. ‘விரிசலின் குறுக்கே ஒட்டப்பட்ட கண்ணாடி உடைந்துள்ளது’ என்று எழுதினேன். அது உண்மை. பீரோவை எழுதவில்லை. மற்ற இரண்டு கண்ணாடிகளை எழுதவில்லை. இணைப்பாக வைக்க வேண்டும் என்று பாயிடமிருந்து நோட்டை வாங்கினேன். ‘பத்திரம் சார், ஒரு வாரங்கூட விடல’ என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அறிக்கை போனது. நோட்டு பையிலேயே இருந்தது.

அதற்கப்புறம் மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு கூடத்தில், பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். நல்ல கூட்டம். மேடையில் ஒரு மூத்த அதிகாரி. முன் வரிசையில் எங்கள் ஆட்கள். நான் ஓரத்து நாற்காலியில், பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அபிராமபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் முதலில் பேசினார். ‘அது என்னங்க கட்டடம்? ஜெயில் மாதிரி, பங்கர் மாதிரி. வெளியூர்லேர்ந்து வர்றவங்க அது என்னன்னு கேட்டா சொல்ல வெட்கமா இருக்கு. இடிச்சுத் தள்ளுங்க’ என்றார். கைதட்டல். அடுத்து கட்டடக் கலை சொல்லித் தரும் ஒரு அம்மா. படங்கள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். வெயில் நேராக உள்ளே விழாமல் இருக்க எப்படிப் பலகைகளைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், நடு முற்றத்தில் காற்று எப்படி ஏறுகிறது என்று விளக்கினார். ‘அழகா இல்லைன்னு சொல்றீங்க. கழுவாம, ஏசியும் ஒயரும் மாட்டி நாமதான் அசிங்கப்படுத்தினோம். அந்த ராம்ப் மாதிரி ஒண்ணு இன்னிக்கு எந்த ஆபீஸ்ல இருக்கு?’ என்று கேட்டார். அதற்கும் கைதட்டல். ‘கலை எல்லாம் சரிம்மா, தலையில விழுந்தா யார் பொறுப்பு?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். உடனே கூச்சல்.

மேடையிலிருந்த அதிகாரி கையமர்த்தினார். என்னைப் பார்த்தார். ‘எஞ்சினியர் இங்கதான இருக்கார். சொல்லுங்க சார். அந்த கிராக் அசையுதா, அசையலையா?’

எழுந்தேன். மூன்று வரிசை தள்ளி, ஓரத்தில், கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பாய் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கூடத்து வாசலில் நாலு படி. எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நம் ஆள் பேசப்போகிறார் என்று தைரியமாக ஒரு சிரிப்பு.

‘கண்ணாடி உடைஞ்சிருக்கு சார்’ என்றேன்.

அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை, பொய்யும் இல்லை. கூடம் முழுக்க அதை ‘ஆமாம், அசைகிறது’ என்று கேட்டது. அப்படித்தான் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். உட்கார்ந்தேன்.

பாய் பேரும் பேசுகிறவர்கள் பட்டியலில் இருந்திருக்கிறது. அழைத்தார்கள். கட்டையை ஊன்றி எழுந்து, மெல்ல முன்னால் வந்தார். மைக் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. வந்து நின்று, மூச்சு வாங்கத் தலையைக் குனிந்தார்.

‘நான் அந்த ரூம்லதான் சார் உட்கார்றேன். அந்த கண்ணாடிய வாரா வாரம் பார்த்து எழுதி வெச்ச நோட்டு ஒண்ணு கீது. சார்கிட்ட குடுத்திருக்கேன்’ என்றார்.

‘என்ன நோட்டு?’ என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

‘ரெகுலர் அப்சர்வேஷன்தான் சார். ஃபைல்ல இருக்கு’ என்றேன்.

இது பொய். சுத்தமான, முழுப் பொய். நோட்டு என் இடது காலில் இடித்துக்கொண்டிருந்தது.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார். ‘சரி சார். சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கட்டை ஊன்றும் சத்தம் அவர் இடம் போய்ச் சேரும்வரை கேட்டது.

சில மாதங்களில் இடிக்க உத்தரவு வந்தது. பாயின் அலுவலகத்தைப் பெருங்குடியில் ஒரு வாடகைக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். கண்ணாடி போர்த்திய பளபளப்பான கட்டடம். வாசலில் ஆறு படி. சாய்தளம் கேட்டு பாய் எழுதிக் கொடுத்தார். ஒரு மரப்பலகை போட்டார்கள், அது வண்டியின் கனம் தாங்காமல் வளைந்தது. அதற்கப்புறம் காலையில் இரண்டு காவலாளிகள் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே விட்டார்கள். சாயங்காலம் தூக்கி வெளியே விட்டார்கள். ‘தூக்க ரெண்டு ஆளப் போடுங்க’ என்று ஒரு காலத்தில் கேலியாக எழுதிக் கொடுத்தவர் அவர். ஐஸ் ஹவுஸிலிருந்து பெருங்குடி வரை அந்த வண்டியில் போய் வருவது வேறு. ஐந்து மாதம் பார்த்தார். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் பெருங்குடிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இடிப்பதைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். மூன்று வாரம் இடித்தும் பாதிகூட ஆகவில்லை. எதிர் டீக்கடையில் மெஷின் ஓட்டுகிறவர் வந்து நின்றார். ‘இன்னா சார் இது, கல்லு மாதிரி கீது. பல்லு போய்க்கினே கீது மெஷினுக்கு. எவன் சொன்னான் வீக்குன்னு?’ என்று என்னிடமே கேட்டார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குள் ஒரு வக்கீல் இருக்கிறான். எப்படியும் இடித்திருப்பார்கள், நீ சொல்லாவிட்டால் வேறொருவன் சொல்லியிருப்பான் என்று அவன் ராத்திரி பகல் வாதாடுவான். வாதம் பலமானது. ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! கட்டடத்துக்காக நான் அவ்வளவு வருந்தவில்லை. பாய் கூடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்காகத்தான்.

நாங்கள் சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் ஃபாதரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். அந்த வருஷம் போய் முழந்தாள்படியிட்டு, ‘பொய் சொன்னேன், ஒரு தடவை’ என்று, கோபம், பொறாமை, ஞாயிறு பூசைக்குப் போகாதது என்று மற்ற சில்லறைப் பாவங்களுக்கு நடுவே சொருகிவிட்டேன். அபராதமாக ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார் ஃபாதர். சொன்னேன். சொல்லி முடித்து எழுந்தபோது கடவுளையே ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. அறிக்கையில் செய்ததையே இங்கேயும் செய்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, போன தவக்காலத்தில், கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதரிடம் போனேன். இந்தமுறை வேறு பாவம் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பீரோவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள். ஃபாதர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ‘அந்த நோட்டு இப்ப எங்க இருக்கு?’ என்று மட்டும் கேட்டார்.

‘என்கிட்டதான் ஃபாதர். பீரோல.’

‘அது அவரோடது இல்லையா? முதல்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க.’

மறுநாள் காலையில் ஐஸ் ஹவுஸ் பக்கம் பாய் வீட்டுக்குப் போனேன். குறுகலான தெரு. வாசலிலேயே அந்த ஸ்கூட்டர் நின்றது, மேலே தூசி தட்டித் துணி போர்த்தியிருந்தது. பாய் முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மீசை வெளுத்திருந்தது. ‘அடடே, வாங்க சார், வாங்க! இன்னா சார் இவ்ளோ தூரம்?’ என்று எழப் பார்த்தார். உள்ளே பார்த்து உருதுவில் டீக்குக் குரல் கொடுத்தார். அந்த வரவேற்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், அதைக் குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். ‘இது ஃபைல்ல இல்ல பாய். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். இது என் பையிலதான் இருந்துச்சு’ என்றேன்.

நோட்டின் நீல அட்டையைத் தடவிப் பார்த்தார். ‘தெரியும் சார்’ என்றார்.

‘எப்பத் தெரியும்?’

‘அன்னைக்கே. மைக்காண்ட வந்து நின்னேன்ல, உங்க பை தொறந்து கெடந்துச்சு. அட்டை தெரிஞ்சுது. குனிஞ்சு எடுத்துக் காட்டலாம்னு ஒரு நிமிசம் தோணிச்சு. நாலு பேர் நடுவுல உங்கள அசிங்கப்படுத்தணுமான்னு வுட்டுட்டேன். நீங்களே எடுப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறமும் ரெண்டு நாள் நெனச்சிக்கினேதான் இருந்தேன்.’

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் ‘பரவால்ல சார்’ என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது மிகவும் வலித்தது.

டீ வந்தது. குடித்தோம். அவர் நோட்டைப் புரட்டினார். வாரம் தவறாமல் அந்த ஒரே வரி. கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் நிறுத்தினார். ‘நடுக் கண்ணாடி பீரோ மோதி உடைந்தது. மேல், கீழ் நல்ல நிலையில் உள்ளது’ என்று இருந்தது. அதற்குக் கீழே பக்கம் வெள்ளையாக இருந்தது.

‘நோட்டு உங்ககிட்ட வந்துட்டதால அப்புறம் எழுதல. ஆனா பாக்குறத வுடல சார். சாமான் ஏத்தின அன்னைக்கிக் கூடப் பார்த்தேன். ரெண்டும் அப்டியே இருந்துச்சு’ என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். ‘நீங்க எழுதுங்க. உங்க கையெழுத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க.’

எழுதினேன். கடைசி நாள் வரை மேல், கீழ்க் கண்ணாடிகள் உடையவில்லை. சுவர் அசையவில்லை. இதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். தேதி போடும் இடத்தில் பேனா நின்றது.

‘அந்தக் கூட்டத்துத் தேதியப் போடட்டுமா பாய்?’

‘வேணாம் சார். மறுபடியும் பொய்யா? இன்னைக்குத் தேதியே போடுங்க.’

போட்டேன். நோட்டை வாங்கி, மை காயும்வரை திறந்து வைத்திருந்து, மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.